விரிசல் விட்ட ஷினாயைப் பிரித்துக் கட்டலாமா?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். நீங்கள் கெண்டோ என்ற ஜப்பானிய வாள்கலையைப் பயிலத் தொடங்கி ஒன்றரை ஆண்டு ஆகிறது. உங்கள் 39 அளவு ஷினாயில், அதாவது பயிற்சிக்கான மூங்கில் வாளில், ஒரு பிளாச்சு விரிசல் விட்டுவிட்டது. அதை எடுத்துவிட்டு, வீட்டில் கிடந்த பழைய ஷினாயிலிருந்து நல்லதாக ஒன்றை எடுத்துப் பொருத்திக் கட்டினீர்கள். ஆனால் பிளாச்சுகளை இழுத்துக் கட்டும் நாண் இரண்டு பயிற்சிக்கு மேல் இறுக்கமாக நிற்பதில்லை. எந்த முடிச்சைப் போட்டால் நாண் தளராது, எந்த எண்ணெயைப் பூசினால் மூங்கில் பிளக்காது என்று கேட்டிருக்கிறீர்கள். அவற்றுக்கு அடியில் நீங்கள் கேட்காத இன்னொரு கேள்வியும் இருக்கிறது: இரண்டு ஷினாய்களைச் சேர்த்துக் கட்டிய ஒன்றை எதிரே நிற்பவரின் முகத்தை நோக்கி வீசலாமா என்பது. நாண் தளர்வதற்கான காரணமும் பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கிறது என்பதால், அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் என் எல்லையைச் சொல்லிவிடுகிறேன். நான் ஷினாய் செய்பவன் அல்லன். வேலைக்காக ஜப்பான் வந்து, குடியிருந்த பகுதியின் நகராட்சி உடற்பயிற்சிக் கூடத்தில் வாரம் இரண்டு மாலை கெண்டோ பயிலத் தொடங்கி 16 ஆண்டுகள் ஆகின்றன. அதில் பாதிக்கு மேற்பட்ட காலம், புதிதாகச் சேர்பவர்களுக்கு ஷினாயைப் பிரித்துக் கட்டக் கற்றுக்கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. அந்த அனுபவத்திலிருந்துதான் எழுதுகிறேன். உங்கள் ஷினாயைக் கையில் வாங்கிப் பார்க்காமல் அது பாதுகாப்பானது என்று என்னால் சொல்ல முடியாது; நீங்கள் அனுப்பியுள்ள படத்தில் பிளாச்சுகளின் வெளிப்புறம்தான் தெரிகிறது, ஆபத்து பெரும்பாலும் உட்புறத்தில்தான் ஒளிந்திருக்கும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக உறுப்புகளை ஒரு முறை சொல்லிவிட வேண்டும். ஷினாய் என்பது நான்கு மூங்கில் பிளாச்சுகளின் கட்டு. ஆணியோ பசையோ கிடையாது. நுனியில் சாகிகவா என்ற தோல் குல்லாய். அதற்குள் சாகிகோமு என்ற ரப்பர் தக்கை. பிடியில் ட்சுகாகவா என்ற நீண்ட தோல் உறை. அதற்குள், பிளாச்சுகளின் அடிப்பக்கத்தில் வெட்டிய காடிகளில் உட்கார்ந்து நான்கையும் ஒன்றையொன்று நழுவவிடாமல் பூட்டி வைக்கும் சிகிரி என்ற சிறிய சதுர இரும்புத் தகடு. நுனித் தோலையும் பிடித் தோலையும் இழுத்துக் கட்டுவது ட்சுரு. வில்லின் நாணுக்கும் ஜப்பானியர் சொல்லும் பெயர் அதுதான் என்பதால் நானும் நாண் என்றே எழுதுகிறேன். அடிக்கும் பகுதியின் எல்லையில் பிளாச்சுகள் விரிந்துவிடாமல் சுற்றிக் கட்டிய தோல் வார் நாகாயுய். ஆக, முழு ஷினாயையும் ஒன்றாகப் பிடித்துவைத்திருப்பது அந்த ஒற்றை நாணின் இழுவிசைதான். ஷினாய் என்ற பெயரே வளைந்து கொடுப்பதைக் குறிக்கும் வினைச்சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். ஒவ்வோர் அடியிலும் நான்கு பிளாச்சுகளும் ஒன்றோடொன்று உரசி, வளைந்து, மீண்டு வருவதற்காகவே அது இப்படித் தளர்வும் இறுக்கமுமாகக் கட்டப்படுகிறது.

ஐயத்துக்கு இடமில்லாத ஒன்றை முதலில் சொல்லிவிடலாம். நீளவாக்கில் விரிசல் விட்ட பிளாச்சையும், கணுவிலோ கணுவுக்கு அருகிலோ குறுக்கே முறிவு கண்ட பிளாச்சையும் சரிசெய்ய வழியில்லை. பசை விட்டு ஒட்டுவது, டேப் சுற்றுவது, விரிசலை மெழுகால் நிரப்புவது எல்லாமே பழுதைக் கண்ணுக்கு மறைக்கின்றனவே தவிர மூங்கிலின் நாரைச் சேர்ப்பதில்லை. மூங்கிலில் வலிமையான நார்க்கற்றைகள் வெளித்தோலை ஒட்டித்தான் நெருக்கமாக இருக்கும், உள்ளே போகப்போக அடர்த்தி குறையும். வெளிப்பக்கத்து நார் அறுந்த பிளாச்சு, பார்வைக்கு முக்கால் பங்கு கனம் மிச்சமிருந்தாலும் அந்த அளவுக்கு வலிமை மிச்சமில்லாதது. கெண்டோவின் முகக்கவசத்தில் மென்கானே எனப்படும் உலோகக் கம்பி வலை கிடைமட்டமாக வரிசையாக ஓடும். மேலிருந்து ஆறாவது, ஏழாவது கம்பிகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி பார்வைக்காகவே மற்றவற்றைவிடச் சற்று அகலமாக விடப்பட்டிருக்கும். முழு ஷினாயின் நுனி அந்த இடுக்கில் நுழையாது. தனித்துப் பிரிந்த ஒரு பிளாச்சோ, உடைந்த அதன் சிம்போ நுழைந்துவிடும். அப்படி நுழைந்து கண்ணில் பாய்ந்த விபத்துகள் நடந்திருக்கின்றன; போட்டிகளுக்கு முன் ஷினாயை எடைபோட்டு, அளந்து, தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுகிறார்கள் என்பதற்கு இதுவே முதற்காரணம். அடிப்பவனின் ஷினாய் பழுதானால் காயப்படுவது அடிபடுபவர். இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்ற முடிவுகள் எல்லாம் எளிதாகிவிடும்.

எனக்கு இது புரிந்தது இரண்டாம் ஆண்டில். பயிற்சி தொடங்குவதற்கு முன், எழுபது வயதைத் தாண்டிய எங்கள் சென்செய் (ஆசிரியர்) சுவரோரம் சாய்த்திருந்த ஷினாய்களில் ஒன்றை எடுத்து, நாண் கீழே வரும்படி திருப்பி, கட்டைவிரலின் பக்கவாட்டுச் சதையை நாகாயுயிலிருந்து நுனி வரை மெல்ல ஓட்டினார். பிறகு நாகாயுய்க்குச் சற்றுக் கீழே இரு பிளாச்சுகளை விரல்களால் அழுத்தி, இடுக்கைத் திறந்து விளக்குக்கு நேராகப் பிடித்தார். "இது யாருடையது?" என்றார். என்னுடையதுதான். உள்விளிம்பில் தீக்குச்சி நீளத்துக்கு ஒரு சிலாம்பு எழுந்து, அடிப்பகுதி மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றது. வெளியிலிருந்து பார்த்தால் வெறும் கோடு. அவர் திட்டவில்லை. "இன்று உங்களோடு ஆடுகிறவர் யார்?" என்று மட்டும் கேட்டுவிட்டு ஷினாயை என் கையில் கொடுத்தார். அன்று முழுக்க ஓரமாக உட்கார்ந்து மற்றவர்களின் பயிற்சியைப் பார்த்தேன். அவர் கட்டைவிரலை ஓட்டிய அதே முறையைத்தான் இன்றும் செய்கிறேன். வெறுங்கையால் வேகமாகத் தடவினால் சிலாம்பு கையில் ஏறும், ஆகவே மெதுவாக.

இப்போது வேறு ஷினாயின் பிளாச்சைச் சேர்ப்பது பற்றி. இது தடைசெய்யப்பட்டதன்று, ஜப்பானில் பலரும் இரண்டு மூன்று பழைய ஷினாய்களிலிருந்து ஒரு நல்ல ஷினாயைத் தேற்றுகிறார்கள், நானும் செய்கிறேன். ஆனால் பொருந்த வேண்டியவை நாம் நினைப்பதைவிட அதிகம். முழு நீளம் ஒன்றாக இருக்க வேண்டும். கணுக்கள் ஏறத்தாழ ஒரே உயரத்தில் வர வேண்டும். கனம் ஒத்திருக்க வேண்டும். பிடிக்கு மேலே பருத்து நுனி மெலியும் தோபாரி என்ற வடிவத்தின் பிளாச்சை, சீராக ஓடும் வடிவத்தோடு சேர்த்தால் இடுக்கு ஒருபோதும் மூடாது. பிடி வட்டமாக இல்லாமல் கோபான் என்ற முட்டை வடிவில் செய்யப்பட்டதாக இருந்தால், ஒவ்வொரு பிளாச்சுக்கும் தனக்கென்று ஓர் இடம் உண்டு. எல்லாவற்றையும்விட முக்கியமானது, சிகிரி உட்காரும் காடி நான்கிலும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும் என்பது. வெவ்வேறு பட்டறையில் செய்த இரண்டு ஷினாய்களில் இந்தக் காடி ஓரிரு மில்லிமீட்டர் முன்னே பின்னே இருப்பது சாதாரணம்.

உங்கள் நாண் தளர்வதற்கு நான் முதலில் சந்தேகிப்பது அதைத்தான். புதிதாகச் சேர்த்த பிளாச்சின் காடி தகட்டில் விழாமல் இருந்தால், அந்தப் பிளாச்சை எதுவும் பூட்டி வைத்திருக்கவில்லை என்று பொருள். ஒவ்வோர் அடிக்கும் அது சிறிது முன்னே நழுவி நுனித் தோலைத் தள்ளும், பிறகு பின்னே வரும், நாண் இழுபட்டு இழுபட்டுத் தளரும். சோதிப்பது எளிது. ஷினாயைப் பிரித்து, பிடித் தோல் இல்லாமல் நான்கு பிளாச்சுகளையும் சிகிரியோடு சேர்த்து இரண்டு ரப்பர் வளையங்களால் பிணைத்து, அடிப்பக்கத்தைச் சமமான தரையில் நிறுத்திப் பாருங்கள். நான்கு அடிகளும் தரையைத் தொட வேண்டும்; நான்கு நுனிகளும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும்; புதிய பிளாச்சைத் தனியாகப் பிடித்து மேலே இழுத்தால் அசையக் கூடாது. அசைந்தால் அந்தப் பிளாச்சு உங்கள் ஷினாய்க்கு ஆகாது. காடியை அரத்தால் அகலப்படுத்திப் பொருத்தலாமே என்று தோன்றும். ஆனால் அகலமான காடியில் தகடு ஆடும், பூட்ட வேண்டியது பூட்டாது. நீளம் மட்டும் ஓரிரு மில்லிமீட்டர் கூடுதலாக இருந்து காடி சரியாக இருந்தால், அடிநுனியை உப்புத்தாளில் தேய்த்துச் சமப்படுத்துவதில் தவறில்லை.

பிரிப்பதில் ஒரே ஒரு விதிதான்: பிரிப்பதற்கு முன் குறித்துக்கொள்ளுங்கள். முடிச்சுகளைக் கைபேசியில் படம் எடுங்கள். பிடித் தோலைக் கழற்றியதும், பிளாச்சுகள் சிதறுமுன், அடிப்பக்கத்தில் பென்சிலால் ஒன்று முதல் நான்கு வரை வரிசையாக எண்ணிடுங்கள். நாணைப் பிடிப்பக்க முடிச்சில் மட்டும் அவிழ்த்தால் போதும். நுனித் தோலோடு சேர்ந்த முடிச்சைத் தொடவே வேண்டாம், அதை மறுபடி சரியாகப் போடப் புதியவர்களுக்கு ஒரு மாலை முழுவதும் போய்விடுகிறது. பிடித் தோல் கழலாமல் அடம்பிடிக்கும். ஷினாயை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கி, தோலை இரு கைகளாலும் முறுக்கி முறுக்கிக் கீழே தள்ளினால் வரும். வந்த வேகத்தில் சிகிரி தரையில் விழுந்து எங்காவது உருண்டு ஒளிந்துகொள்ளும். கட்டிலுக்கு அடியில் போன தகட்டைத் தேடிய மாலைகள் எனக்குக் கணக்கில்லை. கீழே துணி விரித்துக்கொண்டு பிரியுங்கள்.

சிலாம்பை எடுப்பதில் பொறுமை வேண்டும். மேலோட்டமாக எழுந்த சிலாம்பு என்றால், அதன் வேர் வரை கத்தியால் சீவி, பிறகு உப்புத்தாளால் நாரின் போக்கிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் புதிய பிசிறுகள் எழும். கத்தியைச் சாய்த்து வெட்டாமல் ஏறத்தாழச் செங்குத்தாக நிறுத்திச் சுரண்டுங்கள், அப்போதுதான் அது நாருக்குள் ஆழ ஓடாது. ஷினாய்க்கென்றே விற்கும் சிறு சுரண்டிகளும் உண்டு, ஆனால் சாதாரணக் கத்தி போதும். முதலில் 120 எண், பிறகு 240 எண் உப்புத்தாள் என்பது என் பழக்கம். எங்கே நிறுத்துவது என்பதுதான் கடினம். சிலாம்பின் வேரைத் தேடிப் போகப் போக அது முடியாமல் ஆழமாகிக்கொண்டே போனால், அது சிலாம்பு அன்று, விரிசல். கத்தியைக் கீழே வைத்துவிடுங்கள். வெளித்தோலை அழகுக்காகச் சீவுவது மிகப்பெரிய தவறு. மாறாக, பிளாச்சுகள் ஒன்றையொன்று தொடும் உள்விளிம்புகள் கூர்மையாக இருந்தால் அவற்றை மட்டும் நீளவாக்கில் லேசாக மழுக்கிவிடுவது நல்லது. புதிய ஷினாயிலேயே இதைச் செய்துவிட்டால், விளிம்போடு விளிம்பு மோதி எழும் சிலாம்புகள் கணிசமாகக் குறைகின்றன. இதைச் செய்த ஷினாயையும் செய்யாததையும் அடுத்தடுத்துப் பல ஆண்டுகள் பயன்படுத்திப் பார்த்துச் சொல்கிறேன்.

எண்ணெய் விஷயத்தில் அவ்வளவு உறுதியாகப் பேச முடியாது. ஒரு தோஜோவில் (பயிற்சிக்கூடத்தில்) நான்கு மூத்தவர்கள் இருந்தால் ஐந்து கருத்து இருக்கும். காய்ந்த மூங்கில் எளிதில் பிளக்கிறது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. டோக்கியோ பக்கம் குளிர்காலக் காற்று வறண்டது, அறையில் ஹீட்டரும் ஓடும், அந்த மாதங்களில்தான் எங்கள் தோஜோவில் ஷினாய்கள் அதிகம் உடைகின்றன. பூசிய எண்ணெய் மூங்கிலுக்குள் எவ்வளவு ஆழம் போகிறது, எத்தனை நாள் ஆயுளைக் கூட்டுகிறது என்பதெல்லாம் அவரவர் அனுபவக் கணக்கு. நான் செய்வது இது: புதிய ஷினாயைப் பிரித்து, விளிம்பை மழுக்கி, துணியில் சில சொட்டு ட்சுபாகி எண்ணெயை, அதாவது கமேலியா விதை எண்ணெயைத் தொட்டு உட்புறமும் வெளிப்புறமும் மெல்லப் பூசி, ஒரு நாள் நிழலில் வைத்து, மிச்சத்தைத் துடைத்துவிடுவேன். பிடிக்குள் போகும் பகுதியில் பூசுவதில்லை. எண்ணெய் தோலுக்கு ஏறினால் கை வழுக்கும். வாரக்கணக்கில் எண்ணெயில் ஊறவைப்பவர்களும் உண்டு. ஊறிய ஷினாய் கனத்துப்போய் அடியின் துள்ளல் மந்தமாகிறது என்பது என் எண்ணம், மறுப்பவர்கள் இருக்கிறார்கள்.

தேங்காய் எண்ணெய் ஆகுமா என்று கேட்டிருந்தீர்கள். 24 டிகிரிக்குக் கீழே போனால் அது உறைந்துவிடும் என்பது நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்; ஜப்பானியக் குளிரில் பிளாச்சின் மேல் வெள்ளைப் படலமாக நிற்கும், நாளாக நாளாகச் சிக்கு வாடையும் வரும். வேண்டாம். ஆளி விதை எண்ணெய் காய்ந்து மெல்லிய படலமாகப் படியும் என்பதால் அதை விரும்புபவர்கள் உண்டு. பயன்படுத்துவதாக இருந்தால் ஓர் எச்சரிக்கை: அந்த எண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கிக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். அது காயும்போது வெளியாகும் வெப்பம் குவிந்து தானாகவே தீப்பிடிக்கும். துணியை நனைத்தோ, விரித்துக் காயவிட்டோதான் எறிய வேண்டும். இதெல்லாம் தொல்லை என்றால், சாதாரண வெள்ளை மெழுகுவத்தியை எடுத்துப் பிளாச்சுகளின் உள்விளிம்பில் ஒரு முறை தேய்த்துவிடுங்கள். உரசல் குறைய அதுவே போதும், செலவும் இல்லை.

திரும்பக் கட்டும்போது வரிசை முக்கியம். சிகிரியை இரண்டு பிளாச்சுகளின் காடியில் உட்காரவைத்து, மற்ற இரண்டையும் மூடி, ரப்பர் வளையங்களால் பிணையுங்கள். நடுவில் ஒளி தெரிகிறதா என்று பாருங்கள். வேண்டாத முறுக்கு இருந்தால் இப்போதே தெரிந்துவிடும். பிடித் தோலை இறுக்கமான காலுறையை ஏற்றுவதுபோலக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே இழுத்து, அவ்வப்போது அடிப்பக்கத்தைத் துணி விரித்த தரையில் தட்டினால் மூங்கில் தோலின் அடி வரை இறங்கும். கடைசி ஒரு சென்டிமீட்டர் இறங்காமல் விட்டுவிடுவது புதியவர்கள் எல்லோரும் செய்வது. அன்றைக்கு நாண் இறுக்கமாகத்தான் இருக்கும்; அடுத்த பயிற்சியில் மூங்கில் அந்த ஒரு சென்டிமீட்டரும் உள்ளே இறங்கியதும் நாண் தொங்கிவிடும். உங்கள் சிக்கலுக்கு நான் சந்தேகிக்கும் இரண்டாவது காரணம் இது. பிறகு நுனியில் ரப்பர் தக்கையைச் செருகி, அதன் தட்டைத் தலை நான்கு பிளாச்சுகளின் மேலும் படிவதை உறுதிசெய்துவிட்டு, நுனித் தோலைப் போடுங்கள்.

நாண் ஒரு பிளாச்சின் நடுமுதுகில் நேராக ஓடி வர வேண்டும். அது வாளின் முதுகு. அதற்கு நேர் எதிரே இருக்கும் பிளாச்சுதான் வாளின் கூர். நாணில், பிடித் தோலின் வாய்க்குச் சற்று மேலே ஒரு சிறு கண் இருக்கும், பிடித் தோலில் ஒரு தோல் வளையம் இருக்கும். நாணின் முனை வளையத்துக்குள் இறங்கி, மேலேறிக் கண்ணுக்குள் நுழைந்து, மறுபடி கீழே வரும். இது கிணற்றில் இரட்டைக் கப்பி போட்டு இழுப்பது போலத்தான்: கை இழுப்பதைவிட அதிக விசையோடு நாண் இறுகும். உங்கள் படத்தில் அந்தக் கண் ஏறத்தாழ வளையத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. அதுவும் ஒரு கோளாறு. இரண்டும் தொட்டுவிட்டால், நீங்கள் எவ்வளவு பலமாக இழுத்தாலும் நாண் இறுகாது, இழுக்க இடம் இல்லை. அந்தக் கண்ணை அவிழ்த்து இன்னும் நான்கு விரல் மேலே போடுங்கள். இழுத்த பிறகு, பிடியைத் தளர விடாமல், எஞ்சிய முனையை நாணின் மேலேயே நெருக்கமாகப் பல சுற்று சுற்றி, கடைசிச் சுற்றுக்கு அடியில் நுழைத்து இறுக்கி, மிச்சத்தை இரண்டு விரல்கடை விட்டு வெட்டிவிடுங்கள். எந்த முடிச்சு என்று கேட்டீர்கள்; மேற்சொன்ன மூன்றும் சரியாக இருந்தால் எந்த அரை முடிச்சும் நிற்கும், இல்லையென்றால் எதுவும் நிற்காது. புதிய நைலான் நாண் முதல் சில பயிற்சிகளில் நீளத்தான் செய்யும், ஒரு முறை மறு இறுக்கம் கொடுத்தால் அடங்கிவிடும்.

எவ்வளவு இறுக்கம் என்பதற்கு அளவுகோல் இல்லை. நாணை நடுவில் விரலால் தூக்கிவிட்டால் மந்தமாக இல்லாமல் சிறு ஓசையோடு அதிர வேண்டும். ஒரு கையால் பிடியையும் மறு கையால் நடுப்பகுதியையும் பிடித்து எதிரெதிராக முறுக்கினால் தோலுக்குள் மூங்கில் திரும்பக் கூடாது. அதிகமாக இழுத்தால் ஷினாயே முதுகுப் பக்கம் வில்லாக வளைந்துவிடும். நீளவாக்கில் ஒரு கண்ணால் பார்த்தால் தெரியும்.

நாகாயுய் நுனியிலிருந்து முழு நீளத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு தூரத்தில் இருக்க வேண்டும். 39 அளவுக்கு அது 30 சென்டிமீட்டரை ஒட்டி வரும். மூன்று சுற்று சுற்றி, நாணோடு பிணைத்துக் கட்டுவது வழக்கம். நான் தோல் வாரைச் சிறிது நேரம் தண்ணீரில் நனைத்துக் கட்டுகிறேன், காயும்போது இறுகிப் பிடித்துக்கொள்கிறது. அது நகர்ந்துகொண்டே இருந்தால் நாண் தளர்ந்துவிட்டது என்று அறிந்துகொள்ளுங்கள். நாகாயுயை மட்டும் இழுத்து மேலே வைத்துவிட்டு ஆடத் தொடங்குவதைப் பலரிடம் பார்க்கிறேன். அது காய்ச்சலைப் பார்க்காமல் தெர்மாமீட்டரை உதறி வைப்பது மாதிரி.

போட்டிக்குப் போவதாக இருந்தால் அளவுகளையும் பாருங்கள். பெரியவர்கள் பயன்படுத்தும் 39 அளவில், ஒற்றை ஷினாய்க்கு முழு நீளம் 120 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். எடை ஆண்களுக்கு 510 கிராமுக்கும் பெண்களுக்கு 440 கிராமுக்கும் குறையக் கூடாது. எடையில் ட்சுபா என்ற கைக்காப்புத் தட்டு சேராது. நுனி விட்டம் ஆண்களுக்கு 26, பெண்களுக்கு 25 மில்லிமீட்டர் குறைந்தபட்சம். நுனியை மட்டும் பருமனாக வைத்து அதற்குக் கீழே மெலிதாகச் சீவும் போக்கு பெருகியதால், 2019 ஏப்ரல் முதல் ஜப்பானில் நுனியிலிருந்து 8 சென்டிமீட்டர் கீழே இருக்கும் மூங்கிலின் விட்டத்துக்கும் வரம்பு வந்துவிட்டது. சிலாம்பைச் சீவிச் சீவி மெலிந்த ஷினாய் எடையிலும் விட்டத்திலும் ஒருசேரத் தோற்கும். ரப்பர் தக்கையும் சிகிரியும் தவிர வேறெதையும் உள்ளே வைக்கக் கூடாது என்பதும் விதி. எடை குறைந்துவிட்டதே என்று பிடிக்குள் எதையாவது திணிக்க நினைக்காதீர்கள்.

கடைசியாக ஒரு சிக்கனம். அடி விழுவது எப்போதும் நாணுக்கு எதிரே உள்ள பிளாச்சில்தான் என்பதால் அதுதான் முதலில் தேயும். பிடி வட்டமாக உள்ள ஷினாயில், சில மாதங்களுக்கு ஒரு முறை பிரிக்கும்போது வரிசையை மாற்றாமல் நான்கையும் ஒரு கால் சுற்றுத் திருப்பி, நாணை அடுத்த பிளாச்சின் முதுகுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். தேய்மானம் நான்குக்கும் பங்காகும். கோபான் பிடியில் கால் சுற்று முடியாது, அரைச் சுற்றுத்தான். கார்பன் ஷினாய் வாங்கிவிட்டால் தொல்லை இல்லை என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அதன் ஆயுள் நீளம் என்பது உண்மை. ஆனால் அதன் மேற்பூச்சு கிழிந்து உள்ளே கருப்பு இழை தெரிந்துவிட்டால், உப்புத்தாள் போடுவதற்கு இடமே இல்லை, உடனே நிறுத்திவிட வேண்டும்.

நீங்கள் கழற்றி வைத்திருக்கும் அந்த விரிசல் பிளாச்சை ரம்பத்தால் இரண்டாக அறுத்துவிட்டு எறியுங்கள். முழுசாகக் கிடந்தால் அடுத்த ஆண்டு நீங்களோ, உங்கள் தோஜோவில் வேறு யாரோ, நல்லதாக இருக்கிறதே என்று எடுத்து இன்னொரு ஷினாயில் கட்டிவிடுவீர்கள். சேர்த்த பிளாச்சின் காடியைச் சோதித்துப் பார்த்துவிட்டு, பிடித் தோல் இல்லாமல் அடிப்பக்கத்தைப் படம் எடுத்துப் போட்டால், அதைப் பார்த்து மேற்கொண்டு சொல்கிறேன்.